சாமானை நீங்களே கட்டலாமா, ஆள் வைக்கலாமா?

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அல்லது சென்னையில் இருந்த வேலை கோவைக்கு மாறிவிட்டது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இனி மிச்சம் இருப்பது சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கும் வேலை. ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ (சாமான்களைக் கட்டி, கொண்டுபோய் இறக்கித் தரும் நிறுவனங்கள்) என்று தேடி ஒரே ஓர் இடத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் போதும், வரிசையாகப் பலர் கூப்பிடுவார்கள். ஒருவர் சொல்லும் தொகை இன்னொருவர் சொல்வதில் பாதியாக இருக்கும். ‘இவ்வளவு கொடுத்து ஆள் வைப்பதா, நாமே கட்டிவிட்டால் என்ன?’ என்று அப்போதுதான் யோசனை ஓடும்.

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டே வழிதானா?

இல்லை, மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, எல்லாவற்றையும் நீங்களே கட்டி, ஒரு வண்டியும் இரண்டு மூன்று லோடுமேன்களும் (சுமை தூக்கும் ஆட்கள்) பிடித்து மாறுவது. இரண்டாவது வழி, பாத்திரம், துணி, புத்தகத்தை நீங்கள் கட்டிக்கொண்டு, கண்ணாடி, மரச்சாமான், மின் சாதனங்களை மட்டும் பேக்கர்ஸிடம் விடுவது. மூன்றாவது வழி, கரண்டி முதல் கட்டில் வரை அவர்களே கட்டுவது.

பேக்கர்ஸ் போனில் பேசும்போது பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான் தொகை சொல்வார்கள். இரண்டாவது வழி உண்டு என்பதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுதான் ஒத்துவரும்.

எதை வைத்து முடிவு செய்வது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறீர்கள், வீட்டில் உடையக்கூடியதும் கழற்றி மாட்ட வேண்டியதும் எவ்வளவு இருக்கிறது, கட்டுவதற்கு உங்களிடம் எத்தனை கைகளும் எத்தனை நாட்களும் இருக்கின்றன. இந்த மூன்றில் தூரத்துக்குத்தான் முதல் இடம்.

ஊருக்குள்ளேயே மாறினால் சாமானை ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்குவதோடு சரி. வண்டியின் பின்னாலேயே நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். சென்னையிலிருந்து கோவைக்கு என்றால் சுமார் 500 கிலோமீட்டர். லாரி இரவெல்லாம் குலுங்கிக்கொண்டு போகும். உங்கள் சாமான் லாரியை நிறைக்காவிட்டால் வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றுவார்கள். நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவதும் உண்டு. அப்படிக் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி கீழே விழ வாய்ப்பு கூடுகிறது.

ஊருக்குள் மாறுகிறேன். எனக்குப் பேக்கர்ஸ் தேவையா?

ஒன்றிரண்டு அறை உள்ள வாடகை வீடு, தரைத்தளம் அல்லது முதல் மாடி, உதவிக்கு இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ‘குட்டி யானை’ என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டி ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். சின்ன வீடு என்றால் ஒரு நடை அல்லது இரண்டு நடையில் முடிந்துவிடும். பீரோ, சோபா, இரண்டு கட்டில் என்று இருந்தால் 407 போன்ற பெரிய வண்டியை ஒரே நடைக்குப் பேசுவது மலிவாக இருக்கலாம். இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

வண்டி வாடகையைவிட ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியில்தான் சண்டை வரும். ‘மூணாவது மாடின்னு சொல்லவே இல்லையே சார்’ என்று புது வீட்டு வாசலில் நின்று கேட்பார்கள். பாதிச் சாமான் வண்டியில் இருக்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது. அதனால் முன்கூட்டியே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: இரண்டு வீடும் எத்தனையாவது மாடி, லிப்ட் இருக்கிறதா, வண்டி வாசல் வரை வருமா, கட்டில் கழற்ற வேண்டுமா. அதன் பிறகு ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று ஒரே தொகையாகப் பேசி, அதை வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் என்றாலும் பேக்கர்ஸ் வைப்பது நல்லது என்று சொல்லக்கூடிய வீடுகளும் உண்டு. லிப்ட் இல்லாத மேல்மாடி, வீட்டில் கர்ப்பிணி அல்லது கைக்குழந்தை, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போய் விடுப்பு கிடைக்காத வீடு. இங்கே நீங்கள் மிச்சம் பிடிக்கும் பணம் முதுகுவலிக்கும் மருந்துக்கும் போய்விடும்.

எதையெல்லாம் நாமே கட்டலாம்?

நம் வீடுகளில் கணிசமான சாமான் எவர்சில்வர், துணி, படுக்கை, புத்தகம். இவை விழுந்தாலும் உடையாது. இவற்றைக் கட்ட இன்னொருவருக்குக் காசு கொடுக்க அவசியமில்லை.

பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். அண்டா, தவலைக்குள் சின்னச் சாமான்களைப் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடலாம். கிரைண்டரில் கல்லைத் தனியே எடுத்துப் போர்வையில் சுற்றுங்கள். உள்ளேயே விட்டால் குலுங்கும்போது பாத்திரத்தை நசுக்கிவிடும். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பாதீர்கள். ஒரே ஆள் தூக்க முடியாத பெட்டி கட்டாயம் அடி கிழிந்து கொட்டும். பீரோவைத் துணியோடு அப்படியே அனுப்பலாமே என்று தோன்றும்; அந்தப் பாரத்தோடு மாடிப்படியில் சாய்த்தால் கீலும் பூட்டும் வளையும். காலி செய்து, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

பழைய செய்தித்தாள் போதுமா என்று கேட்டால், பாத்திரத்துக்குப் போதும். வெள்ளைத் துணிக்கும் வெளிர்நிறப் பீங்கானுக்கும் அதன் மை ஒட்டும். போர்வை, துண்டு, பழைய புடவை ஆகியவற்றை இடையில் திணித்தால் அவையும் கட்டினாற்போல் ஆகும், பபிள் ராப் (காற்றுக் குமிழ் உள்ள பிளாஸ்டிக் தாள்) வாங்கும் செலவும் குறையும். எண்ணெய், நெய், ஊறுகாயை முடிந்தவரை தீர்த்துவிடுங்கள். ஒரு ஊறுகாய் ஜாடி கவிழ்ந்தால் அந்த மூட்டையில் உள்ள எல்லாமே போச்சு.

ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணையும் எந்த அறைக்கு என்பதையும் எழுதுங்கள். ஒரு பெட்டியைத் தனியாக ஒதுக்கி அதில் பால் பாத்திரம், காபித்தூள், சர்க்கரை, தீப்பெட்டி, சோப்பு, பாய், மாற்றுத்துணி, போன் சார்ஜர், ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் இரவு அந்தப் பெட்டி ஒன்று இருந்தால் போதும், மற்றதை மெதுவாகப் பிரிக்கலாம்.

எதில் நாம் கை வைக்காமல் இருப்பது நல்லது?

பீங்கான், கண்ணாடி, டிவி, கண்ணாடி பதித்த ஷோகேஸ், கல் பலகை போட்ட சாப்பாட்டு மேசை, தஞ்சாவூர் ஓவியம், திருகாணி போட்டு இணைத்த கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி. இவற்றில்தான் பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

பீங்கான் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கட்டினால் தட்டின் மேல் தட்டாகப் படுக்கவைத்து அடுக்குவோம். அப்போது மேல் தட்டுகளின் பாரம் முழுவதும் அடித்தட்டில் இறங்கும். லாரி ஒரு பள்ளத்தில் விழுந்தாலே அது விரிசல் விடும். தொழில் தெரிந்தவர் பெட்டியின் அடியில் கசக்கிய காகிதத்தை மெத்தைபோலப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே சுற்றி, விளிம்பில் நிற்கும்படி நிறுத்துவார். இடைவெளியில் காகிதம் திணித்து, மேலேயும் ஒரு அடுக்கு போட்டு, மூடும் முன் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்ப்பார். சத்தம் கேட்டால் மறுபடி திறப்பார். பேக்கர்ஸ் ஆள் உங்கள் வீட்டில் இப்படிச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். செய்யவில்லை என்றால் நீங்கள் கொடுத்த காசுக்கு வேலை நடக்கவில்லை.

பிரிட்ஜை முதல் நாளே அணைத்து, கதவைத் திறந்துவைத்து, பனி கரைந்த தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். வண்டியில் நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் (பிரிட்ஜைக் குளிரவைக்கும் மோட்டார் பகுதி) உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். புது வீட்டில் இறக்கியதும் சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் அப்படியே நிற்கவிட்டுப் பிறகு போடுங்கள்.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்பக்கம் போட்டிருந்த நீளத் திருகுகள் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருக்கும் டிரம் (துணி சுழலும் உருளை) ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கானவை அவை. பரணில் தேடி எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் நெடுந்தூரம் போனால் டிரம் ஆடி ஆடி மெஷின் கெடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் நிமிர்ந்தே போக வேண்டும். சாய்ந்தால் ஆசிட் கசிந்து பக்கத்துச் சாமானை அரிக்கும்.

ஏசி, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஆகியவற்றைக் கழற்றுவதும் மாட்டுவதும் பேக்கர்ஸ் சொல்லும் தொகையில் பெரும்பாலும் அடங்காது. ஏசியைக் கழற்றும் முன் அதிலுள்ள வாயுவை வெளியே இருக்கும் பெட்டிக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும். தெரியாதவர் குழாயை அவிழ்த்தால் வாயு முழுவதும் போய்விடும். புது வீட்டில் மறுபடி நிரப்பும் செலவு உங்கள் தலையில் விழும். இதற்குத் தனியாக ஏசி மெக்கானிக்கைப் பிடியுங்கள். அல்லது பேக்கர்ஸ் யாரை அனுப்புகிறார்கள், எவ்வளவு என்று தனியே எழுதி வாங்குங்கள்.

யாரிடமும் கொடுக்கக் கூடாதவை எவை?

நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், மருந்து, லேப்டாப். இவை உங்கள் கைப்பையில் உங்களோடு வர வேண்டும். ‘பூட்டிய சூட்கேஸில்தானே இருக்கிறது’ என்ற சமாதானம் வேண்டாம். பேக்கர்ஸின் விதிமுறைத் தாளைப் படித்தால் நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருப்பார்கள்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் உங்கள் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வைத்துப் புது ஊரில் இணைப்பு வாங்கலாம். ஒரே ஊருக்குள் ஏஜென்சி மட்டும் மாறுகிறது என்றால் ஒப்படைக்கத் தேவையில்லை. மாற்றல் சீட்டு போதும். எப்படியானாலும் ஏஜென்சிக்கு ஒரு வாரம் முன்பே போங்கள்.

நான் கட்டிய பெட்டியில் ஏதாவது உடைந்தால் பேக்கர்ஸ் பணம் தருவார்களா?

பொதுவாகத் தரமாட்டார்கள். ‘நீங்கள் கட்டியது, உள்ளே எப்படி வைத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது’ என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பெட்டியே தொலைந்துபோனால் கேட்கலாம். உள்ளே உடைந்ததற்குக் கேட்பது கஷ்டம்.

இந்த முடிவின் மையமே இதுதான். பேக்கர்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு உழைப்புக்கு, இன்னொரு பங்கு பொறுப்புக்கு. உடையாத சாமானுக்குப் பொறுப்பு தேவையில்லை, அதை நீங்கள் கட்டுங்கள். உடையும் சாமானை அவர்களே கட்டட்டும், பொறுப்பும் அவர்களோடு இருக்கட்டும். ஆனால் அந்தப் பொறுப்பு தாளில் எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ‘எதுவும் ஆகாது சார், நாங்க பாத்துக்கறோம்’ என்றால் நீங்கள் வாங்கியது உழைப்பை மட்டும்தான்.

அவர்கள் கட்டி உடைந்தால் எவ்வளவு கிடைக்கும்?

லாரியில் சரக்கு ஏற்றும் தொழிலுக்கு 2007-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2011-ல் வந்தன. அதன்படி இந்தத் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அனுப்புபவர் சரக்கின் விவரத்தையும் மதிப்பையும் ஒரு அனுப்புச் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஏற்றுபவர் ரசீது தர வேண்டும். சாமான் சேதமானால் அவர் தர வேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு: நீங்கள் கொடுத்த லாரி வாடகையின் 10 மடங்கு வரை, அதுவும் நீங்கள் சீட்டில் எழுதிய மதிப்பைத் தாண்டாது.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? லாரி வாடகை 20,000 ரூபாய் என்றால் வரம்பு 2 லட்சம். ஆனால் சாமான் மதிப்பு என்ற கட்டத்தில், கணக்குக்கு ஏதோ ஒன்று என்று 50,000 எழுதினால் அதற்கு மேல் கேட்க முடியாது. மதிப்பை உண்மையாக எழுதுங்கள். உங்கள் சாமானின் மதிப்பு 10 மடங்கைவிட அதிகம் என்றால், கூடுதல் பொறுப்புக்கு முன்கூட்டியே கூடுதல் கட்டணம் பேசி எழுத்தில் வாங்க வேண்டும்.

ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதமானால் சாமான்காரர் பொறுப்பு) என்று முத்திரை குத்தித் தருவதும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், அதை எடுக்கச் சொல்லிப் பேசுங்கள்.

இன்சூரன்ஸ் போட்டுவிட்டோம் என்கிறார்களே?

எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன, பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பேக்கர்ஸ் தாங்களே இன்சூரன்ஸ் தர முடியாது. உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம்தான் தர முடியும். பில்லில் ‘எஃப்ஓவி’ (சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேக்கர்ஸே வாங்கிக்கொள்ளும் பொறுப்புக் கட்டணம்) என்று ஒரு வரி இருந்தால் அது இன்சூரன்ஸ் அல்ல. அது அந்த நிறுவனம் தரும் வாக்கு. நிறுவனம் நேர்மையாக இருந்தால் பலிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

உண்மையான பாலிசியாகவே இருந்தாலும் இன்னொன்று கேளுங்கள். லாரி விபத்துக்குள்ளானாலோ தீப்பிடித்தாலோ மட்டும்தானா, ஏற்றி இறக்கும்போது உடைவதற்கும் சேர்த்தா? வீட்டுச் சாமானுக்கு அடிக்கடி வருவது இரண்டாவது ரகச் சேதம்தான். ஊருக்குள் மாறுபவருக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் வீண். வேறு ஊருக்குப் போகிறவர், விலை உயர்ந்த டிவி, பிரிட்ஜ், மரச்சாமான் வைத்திருக்கிறார் என்றால் போட்டுக்கொள்வது நல்லது.

ரேட் எப்படிக் கேட்பது?

போனில் ‘டபுள் பெட்ரூம் வீடு’ என்று மட்டும் சொன்னால் வரும் தொகைக்கு அர்த்தமே இல்லை. ஆளை நேரில் வரச்சொல்லுங்கள். இல்லையென்றால் வீடியோ அழைப்பில் ஒவ்வொரு அறையாகக் காட்டுங்கள். பரண், பால்கனி, மொட்டை மாடியில் கிடக்கும் சைக்கிள், தொட்டிச்செடி எதையும் விடாதீர்கள். ‘இது லிஸ்ட்டில் இல்லையே’ என்று ஏற்றும் நாளில் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். கட்டும் கூலி, பெட்டி மற்றும் கட்டும் பொருள், ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி, மாடிக்கூலி, பிரித்து அடுக்குவது, டோல், ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றும் உள்ளே அடங்குகிறதா என்று பாருங்கள். ‘20,000தான் சார்’ என்று சொல்லிவிட்டுக் கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 3,600 கூடிவிடும். புது வீட்டுத் தெருவில் லாரி நுழையாது என்றால், சின்ன வண்டிக்கு மாற்றும் செலவு யாருடையது என்பதையும் இப்போதே கேளுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் சந்துகளில் இது சாதாரணமாக வரும் பிரச்சினை. பெரிய லாரிகளுக்குப் பகலில் நகருக்குள் வர நேரக் கட்டுப்பாடும் உண்டு.

மற்ற இருவரைவிட ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். குறைத்துச் சொல்லிச் சாமானை ஏற்றிக்கொண்டு, நடுவழியில் ‘இன்னும் பணம் போடுங்கள், அப்போதுதான் இறக்குவோம்’ என்று மிரட்டுவது இந்தத் தொழிலில் நடக்கும் மோசடி. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை லேசாக மாற்றி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு பெற்றது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். உங்களிடம் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். சாமான் இறங்கிய பிறகு கொடுக்க ஒரு கணிசமான பங்கை வைத்திருங்கள்.

வழியில் ‘இ-வே பில் போடணும், பார்டர் வரி கட்டணும்’ என்று கேட்டால்? இ-வே பில் (சரக்கு போகும்போது ஜிஎஸ்டிக்காக எடுக்கும் மின்னணுச் சீட்டு) நீங்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குத் தேவையில்லை. விதியிலேயே விலக்கு இருக்கிறது. மாநில எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டன. பெர்மிட் லாரிக்காரர் செலவு. பேசிய தொகையில் டோல் அடங்கியிருந்தால் அதையும் வழியில் தனியாகக் கேட்கக் கூடாது.

எந்த நாளில் மாறினால் மலிவு?

தை, வைகாசி, ஆவணி மாத முகூர்த்த நாட்களிலும், பள்ளி விடுமுறையிலும், மாதக் கடைசி மற்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டிக்குக் கிராக்கி. ஆடியிலும் மார்கழியிலும் பல குடும்பங்கள் வீடு மாறாது. அப்போது பேரம் பேசினால் படியும்.

நல்ல நாள் பார்ப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் எடுத்துப்போய் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிடுங்கள். சாமானை அடுத்த வாரம் ஒரு செவ்வாயோ புதனோ, வண்டி சும்மா நிற்கும் நாளாகப் பார்த்து ஏற்றலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் எந்தக் கிழமை, எந்த நேரம் லிப்ட் தருவார்கள் என்று இரண்டு பக்கச் சங்கத்திலும் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

ஏற்றும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

மேற்பார்வை ஆள் ஒரு பட்டியல் போடுவார். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே அதன் நிலையையும் எழுதுவார். அதை வாங்கிப் படியுங்கள். போன வருடம் வாங்கிய டிவிக்கு எதிரே ‘பழையது, கீறல் உள்ளது’ என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். நாளைக்கு உடைந்து வந்தால் ‘முன்பே அப்படித்தான் இருந்தது’ என்பதற்கு அந்த வரிதான் அவர்களுக்குச் சாட்சி. கட்டும் முன் ஒவ்வொரு பெரிய சாமானையும் நான்கு பக்கமும் போனில் படம் எடுங்கள். டிவியை ஓடவிட்டு ஒரு சின்ன வீடியோ எடுங்கள்.

லாரி எண், டிரைவர் போன் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே லாரிதான் கடைசி வரை போகிறதா, நடுவில் மாறுமா என்று கேளுங்கள். பட்டியலின் ஒரு பிரதி, ரசீது இரண்டும் உங்கள் கைக்கு வராமல் லாரியை நகரவிடாதீர்கள்.

இறக்கும்போது ஏதாவது உடைந்திருந்தால்?

களைப்பில் எல்லோரும் ‘சரி, கையெழுத்துப் போட்டு அனுப்புவோம்’ என்றுதான் நினைப்பார்கள். பட்டியலில் உள்ள எண்ணோடு பெட்டிகளைச் சரிபாருங்கள். டிவி, கண்ணாடிப் பெட்டிகளை அவர்கள் இருக்கும்போதே பிரியுங்கள். குறை இருந்தால் அவர்களின் தாளிலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். படம் எடுத்து அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வழக்கு வரை போக வேண்டியிருந்தால், 2007 சட்டப்படி சரக்கு பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ‘பார்க்கலாம், பேசலாம்’ என்று இழுத்தடித்து இந்தக் கெடுவைத் தாண்டவைக்கப் பார்ப்பார்கள், கவனம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம்; நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் வழக்குக் கட்டணமும் கிடையாது. சாமானை இறக்கவிடாமல் பணம் கேட்டு மிரட்டினால் அது போலீஸ் புகாருக்கான விஷயம். லாரி எண்ணும் ரசீதும் அங்கே கைகொடுக்கும்.

சரி, என் வீட்டுக்கு எந்த வழி?

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ‘நானே’ என்ற பத்தியில் வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, பெட்டி, டேப், கயிறு, கட்டவும் பிரிக்கவும் எடுக்கும் விடுப்பு நாட்களின் சம்பளம், உதவிக்கு வருபவர்களின் சாப்பாடு, ஏதாவது உடைந்தால் புதிதாக வாங்கும் செலவு ஆகியவற்றை எழுதுங்கள். ‘பேக்கர்ஸ்’ என்ற பத்தியில் ஜிஎஸ்டி சேர்த்த முழுத்தொகை, ஏசி மெக்கானிக், இன்சூரன்ஸ், ஆட்களுக்கு டீ காசு. நிறையப் பேர் முதல் பத்தியில் வண்டி வாடகையை மட்டும் எழுதி, நாமே கட்டுவது மலிவு என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஊருக்குள், சின்ன வீடு, கைக்கு ஆள் உண்டு என்றால் நீங்களே கட்டுங்கள். ஊருக்குள், ஆனால் கண்ணாடியும் மின் சாதனமும் நிறைய என்றால் நடு வழி. ஊர் விட்டு ஊர் போகிறீர்கள், சாமானும் நிறைய என்றால் பேக்கர்ஸ் வைப்பதே நல்லது. அப்போதும் எவர்சில்வரையும் துணியையும் நீங்களே கட்டித் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். ஊர் விட்டு ஊர், ஆனால் ஒரு கட்டிலும் நான்கு பெட்டியும்தான் என்றால், பழைய கட்டிலை இங்கேயே விற்றுவிட்டு அங்கே புதிதாக வாங்குவது மலிவா என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எந்த வழியானாலும் பேக்கர்ஸைக் கூப்பிடும் முன்பே பரணைக் காலி செய்துவிடுங்கள். உடைந்த மின்விசிறி, தேய்ந்த மெத்தை, பிள்ளைகள் எப்போதோ ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ரேட் கேளுங்கள். லாரியில் அடைக்கும் இடத்துக்குத்தான் வாடகை. புது வீட்டுப் பரணுக்குப் போகும் குப்பைக்கும் அதே வாடகைதான்.